ஒரு தடவை வழுக்கினால் போச்சா?

போன மூன்று தாளிலும் கிரிக்கெட் பற்றித்தான் கட்டுரை வந்தது. மாறுதலுக்காக இந்தத் தடவை வேறொரு விளையாட்டு. உங்களில் பலர் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டீர்கள். மலை மேலிருந்து சைக்கிளில் கீழே இறங்கும் பந்தயம். டவுன்ஹில் என்று சொல்வார்கள்.

"இறங்கறதுல என்னடி பந்தயம்? பிரேக்கை விட்டா தானா வந்துட்டுப் போகுது" என்று என் பெஞ்சில் இருக்கிறவள் கேட்டாள். தானா வராது! வழி முழுக்கப் பாறை, மர வேர், பள்ளம், பறந்து தாண்ட வேண்டிய மேடு. உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. விதிப்படி தடத்தின் நீளம் 1,500 மீட்டருக்குக் குறையக்கூடாது, 3,500 மீட்டரைத் தாண்டக்கூடாது. இறங்கி முடிக்க 2 நிமிடத்திலிருந்து 5 நிமிடம் வரை ஆகும்படி தடம் இருக்க வேண்டும். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் கட்டாயம். எல்லோரும் கூட்டமாகக் கிளம்புவதில்லை. ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள். யாருக்கு நேரம் குறைவோ அவர் வெற்றி பெற்றார். அவ்வளவுதான் ஆட்டம்.

அமெரிக்காவில் இதைக் கல்லூரிகளுக்கு இடையிலான தேசியப் போட்டியாகவே நடத்துகிறார்கள். அந்தப் போட்டிக்கு யார் தகுதி பெறலாம் என்ற விதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "அமெரிக்கா விதியைப் பத்தி நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு போட்டிக்கு ஆள் எடுப்பது எப்படி என்ற கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதானே! ஓர் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதா, ஒரு பருவம் முழுக்கப் பார்த்து முடிவு செய்வதா? பருவம் முழுக்கப் பார்ப்பதே நியாயம் என்பது என் கட்சி.

முதலில் அவர்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கூடைப்பந்து, ஓட்டம், நீச்சல் போன்றவற்றுக்குக் கல்லூரி விளையாட்டைப் பார்த்துக்கொள்ள என்.சி.ஏ.ஏ. என்று ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. சைக்கிள் அதன் கையில் இல்லை. யு.எஸ்.ஏ. சைக்கிளிங் என்ற அமைப்புதான் கல்லூரி சைக்கிள் பந்தயங்களை நடத்துகிறது. நாட்டையே பல வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ராக்கி மலைப் பகுதி ஒரு வட்டாரம், தென்கிழக்கு ஒரு வட்டாரம் என்று போகும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கான்ஃபரன்ஸ். பெயரைப் பார்த்து மேடை, மைக், சால்வை என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய குறுவட்டம் மாதிரி ஒரு எல்லை, அவ்வளவே. கோடை முடிந்து கல்லூரி திறந்ததும் வார இறுதிகளில் ஒவ்வொரு கல்லூரியாகப் பந்தயம் நடத்தும். அதைப் பெரும்பாலும் மாணவர்களே நடத்துகிறார்கள். தடத்துக்கு ரிப்பன் கட்டுவது, வளைவில் கொடி பிடித்து நிற்பது எல்லாம் அவர்கள் வேலைதான்.

ஓட்டுகிறவர்களை ஏ, பி, சி என்று திறமைப்படி பிரிக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் கீழ்ப் பிரிவில் ஆரம்பித்து, நன்றாக ஓட்டினால் மேலே போகலாம். பெரிய அணி, பயிற்சியாளர் என்று கல்லூரியே ஆதரிக்கும் அணிகளுக்கு வார்சிட்டி என்று பெயர். மாணவர்கள் தாங்களாகவே நடத்திக்கொள்ளும் அணிக்கு கிளப் என்று பெயர். இரண்டுக்கும் பட்டம் தனித்தனி. பணக்காரக் கல்லூரியோடு கைக்காசு போட்டு ஓட்டுகிறவர்களை மோதவிடவில்லை பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

தேசியப் போட்டிக்குப் பாதை இந்த வட்டாரப் பந்தயங்கள் வழியாகத்தான் போகிறது. எத்தனை பந்தயம் ஓட்டியிருக்க வேண்டும், எத்தனை பேருக்கு இடம் என்ற கணக்கை விதிப்புத்தகத்தில் அவ்வப்போது திருத்துவார்கள். ஆனால் அடிப்படை இதுதான்: நீ படிக்கிற மாணவனாக இருக்க வேண்டும், உன் கல்லூரி அணிக்காக உன் வட்டாரத்தில் ஓட்டியிருக்க வேண்டும். சும்மா டிக்கெட் எடுத்துக்கொண்டு கடைசி நாளில் போய், "நான் வேகமானவன், என்னைச் சேர்த்துக்கோங்க" என்று நிற்க முடியாது.

என் தோழி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? எல்லாரையும் ஒரு நாள் ஒரே மலையில விடு. முதல் முப்பது பேரை எடு. கடிகாரத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிபாரிசுக்கு இடமில்லை, பழைய பெருமைக்கு இடமில்லை.

ஆனால் கடிகாரத்துக்கு மழையும் தெரியாதே!

2017 ஏப்ரலில் பிரான்சில் லூர்து நகரில் உலகக் கோப்பை டவுன்ஹில் நடந்தது. தகுதிச் சுற்றில் பின்தங்கியவர் இறுதிச் சுற்றில் முதலில் இறங்குவார், முன்னால் வந்தவர் கடைசியில் இறங்குவார். அதுதான் வழக்கம். அன்றைக்கு முதலில் இறங்கியவர்களுக்குத் தடம் நன்றாக இருந்தது. முன்னணி வீரர்கள் இறங்க வேண்டிய நேரம் பார்த்துக் கொட்டியது மழை. தடமெல்லாம் சேறு. முன்னதாகவே இறங்கி முடித்திருந்த அலெக்ஸாந்திர் ஃபயோல் என்ற பிரெஞ்சு வீரர் வென்றார். அவர் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவரும் அதே பாறையில்தான் இறங்கினார். ஆனால் மற்றவர்கள் வேகம் குறைந்ததற்குத் திறமைக் குறைவு காரணமா? வானம் காரணம். உலகக் கோப்பை என்றால் பரவாயில்லை, அந்தப் பருவத்திலேயே இன்னும் சில மலைகள் இருக்கும். ஒரே நாள், ஒரே ஓட்டம், அதோடு கதவை மூடிவிடுவோம் என்றால் மழையில் மாட்டியவனுக்கு என்ன பதில் சொல்வது?

மழையை விடுங்கள். செயின் அறுந்தால்? இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். 2015-ல் ஆஸ்திரியாவில் லியோகாங் என்ற இடத்தில் ஆரன் க்வின் என்ற அமெரிக்க வீரருக்குக் கிளம்பிய உடனேயே செயின் அறுந்துவிட்டது. மிதிக்கவே வழியில்லாமல், மலைச் சரிவையும் உடம்பு அசைவையும் மட்டும் வைத்து இறங்கி, அந்தப் பந்தயத்தையே ஜெயித்துவிட்டார்! இதைச் சொன்னதும் தோழி, "பார்த்தியா, திறமை இருந்தா செயினே வேண்டாம்" என்று குதித்தாள். அட, ஆயிரத்தில் ஒருவருக்கு நடந்ததை விதியாக வைக்க முடியுமா? க்வின் அதற்கு முன்பே உலகக் கோப்பைப் பட்டம் வென்றவர். இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு மாணவிக்கு, நூலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய சைக்கிளின் செயின் அறுந்தால் அன்றோடு சரி.

பெரிய போட்டிகளை நடத்துகிறவர்களே இந்தக் கேள்வியில் தடுமாறித்தான் இருக்கிறார்கள். 2023-ல் உலகக் கோப்பையில் அரையிறுதி என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். தகுதிச் சுற்றிலிருந்து 60 ஆண்கள் அரையிறுதிக்கு, அதிலிருந்து 30 பேர் இறுதிக்கு. பெண்களில் 15 பேர் அரையிறுதிக்கு, 10 பேர் இறுதிக்கு. இறுதிச் சுற்று சுருங்கிவிட்டது என்று பலர் முணுமுணுத்தார்கள். 2025-ல் அரையிறுதியை எடுத்துவிட்டு இரண்டு தகுதிச் சுற்று வைத்தார்கள். முதல் சுற்றில் 20 ஆண்களும் 10 பெண்களும் நேராக இறுதிக்குப் போவார்கள். மீதிப் பேர் மறுபடி ஓட்டி, அதிலிருந்து 10 ஆண்களும் 5 பெண்களும் சேருவார்கள். கவனித்தீர்களா? முதல் தடவை வழுக்கியவருக்கு இரண்டாவது தடவை உண்டு என்று விதியே சொல்லிவிட்டது. சம்பளம் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கே அது வேண்டியிருக்கிறது என்றால், நடுவில் பரீட்சையும் எழுதுகிற மாணவர்களுக்கு வேண்டாமா?

கல்லூரிப் போட்டியிலேயே டூயல் ஸ்லாலம் என்று இன்னொரு வகை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஒரு தடம் கொஞ்சம் வேகமாக அமைந்துவிட்டால் அநியாயம் அல்லவா? அதனால் முதல் தடவை இடது தடத்தில் வந்தவர் இரண்டாம் தடவை வலது தடத்தில் வருவார். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. இந்த யோசனை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், நானும் ஒரு தடவை ஓட்டத் தேர்வில் ஓரத் தடத்தில் ஓடியவள். மற்ற தடமெல்லாம் காய்ந்திருக்க, அந்த ஒரு தடத்தில் மட்டும் முதல் நாள் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. எந்த மைதானம் என்று சொல்லப்போவதில்லை. தடத்தை மாற்றி இன்னொரு தடவை ஓடவிட்டிருந்தாலும் நான் தோற்றிருக்கலாம். ஆனால் தோற்றேன் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. யு.சி.ஐ. பந்தயத்தில் முதலில் தடத்தை நடந்தே போய்ப் பார்க்க நேரம் தருவார்கள். பிறகு பயிற்சியாகக் குறைந்தது இரண்டு தடவை இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்தயத்தில் விடமாட்டார்கள். ஏன்? மலை தெரியாதவன் வேகமாக வந்தால் உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி, வட்டாரத்தில் நாலு இடத்தில் இறங்கி வந்தவருக்கு ஈர வேர் எப்படி வழுக்கும், பிரேக்கை எங்கே பிடிக்கணும், எங்கே விடணும் என்பது கைக்கே தெரிந்திருக்கும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் முப்பதுக்குள் வந்தவருக்கு அது தெரியும் என்று யார் உறுதி சொல்வது? தகுதி விதி என்பது வேகத்தை அளக்க மட்டும் இல்லை, "இவனை இந்த மலையில் விடலாம்" என்று பெரியவர்கள் கையெழுத்துப் போடுவது மாதிரி.

சரி, என் கட்சியில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. கொலராடோவில் டுராங்கோ என்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். 1990-ல் யு.சி.ஐ.யின் முதல் மலை சைக்கிள் உலகப் போட்டி நடந்ததே அங்கேதான். அந்த ஊரில் இருக்கும் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி சைக்கிளில் பேர் போனது. வட கரோலினா மலையில் பேனர் எல்க் என்ற சின்ன ஊரில் லீஸ்-மெக்ரே கல்லூரி, அதுவும் அப்படித்தான். வாசலைத் தாண்டினால் மலை. பழனி ரோப் கார் மாதிரி, பனிச்சறுக்கு மலைகளில் இருக்கும் நாற்காலி லிஃப்டில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடலாம். ஆனால் இண்டியானாபோலிஸ் தட்டையான ஊர். அங்குள்ள மேரியன் பல்கலைக்கழகம் வட்டமான ஓடுகளத்தில் ஓட்டும் பந்தயத்தில்தான் பேர் வாங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் படிக்கும் ஒரு மாணவிக்கு டவுன்ஹில் ஆசை வந்தால், ஒவ்வொரு வார இறுதியும் பல மணி நேரம் வண்டியில் போக வேண்டும். பெட்ரோல் காசு யார் கொடுப்பார்கள்? "எல்லா வட்டாரப் பந்தயத்துக்கும் வா" என்று சொன்னால் அது பணத்துக்கு வைத்த பரீட்சையாகிவிடும்.

இந்த இடத்தில் தோழி சொன்னது சரிதான். அதனால் என் யோசனை இது: கேட்கும் பந்தயங்களின் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள். இரண்டோ மூன்றோ போதும், அதில் சிறந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள். மலை இல்லாத வட்டாரத்தார் பக்கத்து வட்டாரத்தில் ஓட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடிபட்டு ஓட்ட முடியாமல் போனவர்களுக்கு விண்ணப்பத்தின் பேரில் சில இடம் தனியாக ஒதுக்குங்கள். பழைய பட்டத்தைக் காட்டி அந்த இடத்தைக் கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கான இடம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். ஆண்கள் 30, பெண்கள் 15. "பெண்கள் குறைவாத்தானே வர்றாங்க" என்பார்கள். இடம் குறைவு என்றால் எப்படி அதிகம் பேர் வருவார்கள்? கல்லூரி முறையில் ஒரு நல்லது செய்திருக்கிறார்கள். அணியின் மொத்தப் புள்ளியில் ஆண்கள் எடுத்ததும் பெண்கள் எடுத்ததும் சேருகிறது. பெண்களே இல்லாத அணி அந்தப் புள்ளியை அப்படியே இழக்க வேண்டியதுதான். அதனால் விடுதியில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "வாம்மா, கத்துத் தர்றோம்" என்று சொல்ல வேண்டிய அவசியம் அணிக்கே வந்துவிடுகிறது. அவள் சி பிரிவில் தட்டுத் தடுமாறி இறங்கி ஆரம்பிக்கலாம். ஒரே ஓட்டத்தில் ஆள் எடுக்கும் முறையில் அவளை யார் கூப்பிடுவார்கள்?

ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் 1996 அட்லாண்டாவிலிருந்து இருக்கிறது. ஆனால் அது ஏற்றமும் இறக்கமுமாகச் சுற்றி வரும் வகை. டவுன்ஹில்லை இதுவரை சேர்க்கவில்லை. ஆகவே இந்த மாணவர்களில் பலருக்குக் கல்லூரித் தேசியப் போட்டிதான் எட்டக்கூடிய உச்சி. படிப்பு முடிந்தால் அதுவும் கிடையாது. நாலு வருஷத்தில் நாலே வாய்ப்பு.

என் தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "பி.இ.டி. சாரையே கேட்போம்" என்கிறாள். சார் என்ன சொல்வாரோ தெரியாது! இந்தத் தாளுக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். அவள் மறுப்பு அடுத்த வாரம் அங்கே ஒட்டப்படும். மற்றவர்களும் எழுதலாம், ஆனால் பென்சிலில் வேண்டாம், தூரத்திலிருந்து தெரியவில்லை.

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி