பாணை நிறுத்தினா சரிவருமா?

கற்பிட்டியிலயோ உடப்பிலயோ ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம்னு தெரிஞ்சதும் யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க: “பாணை நிறுத்துங்க, பால்மாவை நிறுத்துங்க, எல்லாம் சரிவரும்.” கோதுமையிலுள்ள குளூட்டனும் பாலிலுள்ள கேசீனும்தான் குற்றவாளிகளாம்.

2008இல் கொக்ரேன் மீளாய்வுக்குக் கிடைத்தது இரண்டே சிறிய பரிசோதனைகள்; ஆதாரம் போதாது என்றது அது. ஓட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்ற இந்த முறை வேண்டாம் என்று 2013இல் பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டியும் சொன்னது.

“செய்து பார்த்தா என்ன நட்டம்?” நட்டம் இருக்கு. இந்தப் பிள்ளைகள் பலர் நாலைஞ்சு சாப்பாட்டை மட்டும்தான் தொடுவாங்க. அதுல ரெண்டைப் பறிச்சா மிச்சம் என்ன? பால் போனா கல்சியமும் குறையும். முள்ளோட தின்னுற நெத்தலியில கல்சியம் இருக்குதான். ஆனா கருவாட்டு வாசத்துக்கே காதைப் பொத்திக்கிட்டு ஓடுற பிள்ளை அதை வாயில வைக்குமா?

சாப்பாட்டைக் கவனிக்கவே வேணாம்னு சொல்லல்ல. ஓட்டிசம் உள்ளவங்களுக்கு மலச்சிக்கல் அதிகம். வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை கத்தித்தான் காட்டும். நாம அதைக் குழப்படி என்போம். முதல்ல அதைப் பாருங்க. தண்ணி, பழம், தேவைன்னா மருந்து. உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தா டொக்டரைக் கேட்டு நிறுத்துங்க. புதுச் சாப்பாட்டைப் பழகினதுக்குப் பக்கத்துல கொஞ்சமா வைங்க, திணிக்காதீங்க.

“என்னத்தக் குடுத்து வளர்த்தீங்க?”ன்னு உம்மாமாரைக் கேக்குறதையும் விடுவோம். வயிறு நோகாம, நிம்மதியா ஒரு நேரச் சாப்பாடு. அந்தப் பிள்ளைக்கு நாம முதல்ல குடுக்க வேண்டியது அதுதான்.