வண்டி நிற்க ஓர் இடம்

கோயிலுக்கு வேன் பேசும்போது எல்லோரும் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். எங்கள் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "வழியில எங்க எங்க நிறுத்துவீங்க?"

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஐயம்பேட்டையில் நாற்பது வருடம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து பட்டு நெய்தவர். முழங்கால் போய்விட்டது. போன தடவை திருச்செந்தூர் போனபோது நாள் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "தாகமே எடுக்கல" என்றார். வீடு திரும்பிய மூன்றாம் நாள் குளிர்க் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். தாகம் எடுக்காமல் இல்லை. புளியமரத்தடியில் வேனை நிறுத்தி, அடுப்பு மூட்டி, புளிசாதம் கிளறிச் சாப்பிட்டோமே, அங்கே ஆண்கள் ஒதுங்க மறைவு இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

இந்தக் கதையை இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு வருடம் முன்பு ஒரு மோட்டார்ஹோம் வாங்கினான். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வாங்கிய வாரமே அங்குள்ள உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டானாம்.

சங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா போனை வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் சங்கம் என்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்தான்.

"பங்குப் பணம் எவ்ளோடா? தீபாவளிக்கு போனஸ் உண்டா?"

"அதெல்லாம் கிடையாது பெரியம்மா. வருஷா வருஷம் நாமதான் சந்தா கட்டணும்."

"பின்ன எதுக்கு?"

"ராத்திரி வண்டிய நிறுத்த இடம் கிடைக்கும்."

"உள்ளயே எல்லாம் இருக்குன்னியே, அப்புறம் இடம் எதுக்கு?"

நல்ல கேள்வி. வண்டிக்குள் கழிவறை இருந்தாலும் அதன் கழிவுப் பெட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எங்காவது காலி செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும். கண்ட இடத்தில் நிறுத்திப் படுத்தால் நிலத்துக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

அவன் சேர்ந்திருப்பது கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப். 1907இல் தொடங்கியது, அன்று கேரவன்களைக் குதிரைகள் இழுத்தன. அந்த நாட்டில் 1960இல் வந்த ஒரு சட்டப்படி, நிலத்தில் கேரவன்களைத் தங்கவிட பொதுவாக உரிமம் வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கம் சான்று கொடுத்தால், ஒரு விவசாயி தன் வயலோரம் ஐந்து வண்டிகள் வரை நிறுத்திக்கொள்ளலாம். உறுப்பினர்களுக்கு மட்டும். குடிநீர்க் குழாய், கழிவு கொட்ட இடம், குப்பைத் தொட்டி இருந்தால் போதும். இப்படிப்பட்ட இடங்கள் நாடு முழுக்க 2,000க்கு மேல். எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் தனியாளாக இதை வாங்க முடியாது பாருங்கள்.

நியூஸிலாந்தில் 1956 முதல் இருக்கும் சங்கத்தில், உறுப்பினர்களே தங்கள் வீட்டு மனையை மற்ற உறுப்பினர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஒரு சிறு தொகை வைத்துவிட்டு, காலையில் கிளம்பிவிட வேண்டியதுதான்.

மற்ற பயன்களும் உண்டு. கப்பல் டிக்கெட்டில், இன்ஷூரன்ஸில் தள்ளுபடி என்பார்கள். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. தள்ளுபடிக்காகவே செலவழிப்பவர்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். அனுபவசாலிகள் பக்கத்தில் இருப்பதுதான் பெரிது. தம்பி முதல் பயணத்துக்கு வெட் கிரைண்டர், அரிசி மூட்டை, ஊரிலிருந்து போன உருளி எல்லாம் ஏற்றியிருக்கிறான். சங்கத்துப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எடை போட்டாயா?" என்று கேட்டாராம். அவனுடைய லைசென்ஸுக்கு வண்டியும் சுமையும் சேர்த்து 3,500 கிலோதான். தாண்டினால் அபராதம். கிரைண்டர் இறங்கிவிட்டது. இட்லிக்கு இப்போது ரவைதான்.

சில விஷயங்கள் சிரிப்பதற்கில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அதற்கு மணமில்லை, தூங்குபவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்து அலறும் சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. அதை வாங்கு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் பழைய வேனை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் வைக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் வண்டியை மாற்றக் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்து, அடுத்த வருடம் வாகமணில் முதல் பூங்காவும் வந்தது. நல்லதுதான். அதெல்லாம் சொகுசு வண்டிகளுக்கு. புளிசாதத்தோடு போகும் எங்கள் வேனுக்கு?

அம்மாவிடம் இதற்குப் பதில் இருந்தது. "அந்தக் காலத்துல சத்திரம் இருந்துச்சே." உண்மை. காசியில் நகரத்தார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. பழனியில் எத்தனையோ சமூகங்களுக்கு மடம் உண்டு. ஊரை விட்டுப் போகிறவனுக்கு இறங்க ஓர் இடம் வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் பல சத்திரங்களில் முதல் கேள்வி, "நீங்க யாரு?" என்பது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தம்பியின் சங்கத்தில் சந்தா கட்டிய ரசீது போதும். அந்த ஒரு காரணத்துக்காகவே சங்கம் எனக்குப் பிடித்துப்போனது.

போனை வைத்ததும் அம்மா கொல்லைப் பக்கம் போய் நின்றார். முன்பு பாவு விரித்த இடம். தறி மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. இடம் சும்மா கிடக்கிறது. "ரெண்டு வேன் நிக்குமில்ல?" என்றார்.

வாலாஜாபாத் பக்கமிருந்து காஞ்சிபுரம் போகும் வேன்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. கழிவறைக்குப் புதுக் கதவு போட்டேன். உட்காரும் கோப்பை, கைப்பிடி, வெளியே ஒரு குழாய். தெரிந்த இரண்டு டிரைவர்களிடம் சொல்லி வைத்தோம். அக்கம்பக்கத்தில், "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார்கள். இன்னமும் கேட்கிறார்கள்.

தை மாதம் ஒரு விடியற்காலை விழுப்புரம் பக்கத்து வேன் ஒன்று வந்து நின்றது. அம்மா வயதில் ஒருவர் மெதுவாக இறங்கினார். அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினார். அவர் வாங்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இங்க போறதுக்கு இடம் இருக்காம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அம்மா கையைக் காட்டினார். திரும்பி வந்து அந்தச் சொம்பை முழுக்கக் குடித்தார்.