கட்டிலுக்காகக் காத்திருக்கும் மணித்தியாலங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பதைப் பொறுமைக்கு வந்த சோதனையாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது உயிருக்கும் சோதனை. இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரை அவசரப் பிரிவுகளின் ஊடாக அனுமதிக்கப்பட்ட ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வந்து 5 மணித்தியாலம் கடந்தும் விடுதிக்கு அனுப்பப்படாதோரிடையே, 30 நாட்களுக்குள் இறப்போர் தொகை கூடத் தொடங்குகின்றது. 6 முதல் 8 மணித்தியாலம் வரை தாமதித்த ஒவ்வொரு 82 பேருக்கும் மேலதிகமாக ஒரு மரணம் எனக் கணித்துள்ளனர்.

இத்தனைக்கும் அங்கே 4 மணித்தியால இலக்கு 2004ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2010இல் அதை 100க்கு 95 பேர் எனத் தளர்த்தினார்கள். 2015 ஜூலைக்குப் பின்னர் நாடளாவிய ரீதியில் அதையும் எட்டவில்லை.

சிறு காயத்தோடு வருவோரால்தான் நெரிசல் என்று பழிசொல்வது இலகு. அவர்கள் மருந்து கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தேங்கி நிற்பவர் விடுதிக்குப் போகவேண்டிய முதியவர். விடுதியிலோ கட்டில் இல்லை. நோய் தணிந்த இன்னொரு முதியவர், வீட்டில் பராமரிக்க ஆளின்றி அதிலே கிடக்கிறார்.

பிரான்சில் 2022 டிசெம்பரில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனோரை 97 அவசரப் பிரிவுகளில் அவதானித்தனர். இரவை அங்கேயே கழித்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 16 பேர் வைத்தியசாலையிலேயே இறந்தனர். நள்ளிரவுக்கு முன் விடுதி சேர்ந்தோரில் 11 பேர்.

வாசலில் கடிகாரம் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவசரப் பிரிவை விஸ்தரிக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, வீடு திரும்பிய முதியவரைத் தேடிச்சென்று பார்க்கும் தாதியருக்குக் கொடுத்தால் விடுதியில் கட்டில் காலியாகும்.