'மேக்' படுத்தும் பாடு

ஓசூர் சிப்காட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிராமத்துப் பையனிடம், "அந்த மோட்டார் என்ன மேக்?" என்று கேட்டால் விழிப்பான். எந்தக் கம்பெனி செய்தது என்பதே கேள்வி. விழிப்பதில் வெட்கம் இல்லை. அந்தச் சொல் அப்படிப்பட்டது!

ஆங்கிலேயர் தேநீரை 'மேக்' செய்வர். பணத்தை, சத்தத்தை, தவறைக்கூட 'மேக்' செய்வர். தமிழில் அது நடக்காது. தேநீர் போடுகிறோம். வடை சுடுகிறோம். பானை வனைகிறோம். கூடை முடைகிறோம். பணமோ, சம்பாதித்தால்தான் உண்டு.

தொழிற்சாலைப் பலகைகளில் 'மானுபாக்சர்' என்று ஒரு சொல் காணும். அதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'மானுஸ்' என்றால் கை. கையால் செய்வது என்பதே பழைய பொருள். இன்று யந்திரம் செய்தாலும் பெயர் அதுவே!

ஓசூர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே வீட்டில் தெலுங்கு பேசுவோர் பலர். தெலுங்கில் கைக்கே 'செய்யி' என்றுதான் பெயர். கன்னடத்தில் 'செய்' என்பதற்கு 'மாடு' என்பார்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போன தமிழர், "மாடு, மாடு" என்று கேட்டதும் தொழுவத்தைத் தேடாமல் இருந்தால் சரி!

அதே ஓசூரில் ஒரு தாயிடம், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கும், வீட்டு வேலை மட்டும் பார்த்தவரை 'வேலை செய்யாதவர்' என்றே எழுதிக்கொண்டது. விடியுமுன் அவர் ஆக்கிய சோறுதான் முதல் ஷிப்டு பஸ்ஸில் தூக்குப் பாத்திரத்தில் போகிறது.