சந்தேகப்படுவது பாவமா?

கடம்பத்தூர் இரயிலடியில் சமீபத்தில் ஒரு கிறிஸ்தவத் தோழர் நம்மைக் கண்டு, "நீங்கள் கேட்கும் கேள்விகளெல்லாம் எங்கள் விசுவாசத்தைக் கெடுக்கின்றன ஐயா" என்று வருத்தப்பட்டுக் கொண்டார். "குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஜெபம் செய்வீர்களா, திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்களா?" என்று கேட்டோம். "இரண்டும் செய்வோம்" என்றார். "ஒன்றைத்தான் செய்யலாமென்றால்?" என்றோம். சற்று நேரம் தண்டவாளத்தையே பார்த்திருந்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார்.

இதில் கெட்டுப்போனது என்ன? நமது கேள்வி அவர் மனதில் சந்தேகத்தைக் கொண்டுபோய் வைக்கவில்லை. முன்னமேயே உள்ளே இருந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான். விளக்கைக் கொண்டுபோனவன்தான் வீட்டில் தேளை விட்டான் என்பது நியாயமாகுமா?

சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை இருக்கிறது. இயேசுவின் சீடரான தோமா அங்கே கொல்லப்பட்டதாகக் கிறிஸ்தவர்கள் நம்பி, அவர் பெயரால் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்தாரென்று மற்ற சீடர்கள் சொன்னபோது, ஆணிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்றவர் இந்தத் தோமாதான் என்று யோவான் சுவிசேஷமே சொல்லுகிறது. கேள்வி கேட்ட தோமாவுக்கு மலைமேல் கோயில். கேள்வி கேட்கும் கடம்பத்தூர்ப் பையனுக்கு மட்டும் நரக பயமா?

சரி, பாமரர்தான் சந்தேகப்படுகிறார்கள் என்பீர்களானால், கல்கத்தாவில் ஏழைகளுக்கு ஊழியஞ்செய்த அன்னை தெரசாவைப் பாருங்கள். அவர் 1997-ல் காலமானார். பாதிரிமார்களுக்கு அவர் அந்தரங்கமாக எழுதிய கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வெளிவந்தன. கடவுள் தம்மோடு இருப்பதாக உணர முடியாமல் பல்லாண்டுகள் மனஇருளில் தவித்ததை அவற்றில் எழுதியிருக்கிறார். அக்கடிதங்களை அழித்துவிடும்படியும் அவர் கேட்டிருந்தார். 2016-ல் ரோமாபுரி அவரைப் புனிதராக்கிற்று. அவர் செய்த ஊழியம் நோயாளிக்குப் பயன்பட்டதேயன்றி, அவருக்குள்ளிருந்த சந்தேகம் எந்த நோயாளிக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் அதை வெளியே சொல்லமுடியாமல் ஒரு மனுஷி ஆயுள் முழுதும் தனியே சுமந்தாரே, அந்தக் கொடுமைக்கு யார் ஜவாப்தாரி?

இன்னொன்றும் கேட்கிறோம். எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்பது மெய்யான நம்பிக்கையானால், திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் ஜாதிவாரியாய்ப் பிரிக்கும் சுவர் எதற்காக இருந்தது? அது இடிக்கப்பட்டது 1910-ல். அச்சுவரைக் கட்டியவர்களுக்கே தங்கள் போதனையில் நம்பிக்கை இல்லை என்பதல்லவா அர்த்தம்?

இதைப் படிக்கும் இந்துத் தோழர்கள் கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். அந்த ஜாதியென்னும் நோய் உங்கள் வீட்டிலிருந்து போனதுதான். கர்ப்பக்கிருகத்தைப் பற்றி இதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொண்டேதான் வருகிறோம்.

ஆகவே கிறிஸ்தவத் தாய் தகப்பன்மார்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் பிள்ளை நாளைக்குக் கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்தால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லுங்கள். கேள்விக்குப் பயப்படாதது உண்மை ஒன்றுதான்.