மனச்சோர்வும் சங்கத்தின் பிரச்னையே!

ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் ஆலைத் தொழிலாளியைப் பாருங்கள். ஊர் விழிக்கும் நேரத்தில் அவன் படுக்கிறான். தகரக் கூரை காய்கிறது, தூக்கம் வருவதில்லை. ஆலைக்குள்ளே ஆள் குறைப்பு. இருவர் பார்த்த வேலை ஒருவன் தலையில். நூல் அறுந்தால் வசவு. வாய் திறந்தால் மெமோ. விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கோ வீட்டாரோடு பேசக்கூட நேரம் குறிக்கப்படுகிறது.

சில மாதங்களில் அவனுக்குச் சாப்பாடு பிடிப்பதில்லை. யாரோடும் பேசுவதில்லை. பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறான். “மூளை சரியில்லை” என்கிறது நிர்வாகம். “காற்று கருப்பு பட்டிருக்கிறது” என்கிறது ஊர்.

இரண்டும் தவறு என்கிறோம் நாம். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுப்பது போல, ஓய்வில்லாத உழைப்பும் அவமானமும் மனதைக் கெடுக்கின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாவதாக உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2022-ல் கணக்குச் சொல்லின. முதலாளிக்கு அது உற்பத்தி நஷ்டம். நமக்கோ அது நம் தோழனின் வாழ்க்கை!

வயலிலும் இதே கதைதான். நடவும் அறுப்பும் போக மிச்ச நாட்களில் வேலையில்லை. குழுக்கடன் தவணை மட்டும் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறது. தாய்மார்கள் இரவெல்லாம் விழித்துக் கணக்குப் போடுகிறார்கள்.

இந்த நோய்க்கு முதல் மருந்து ஓய்வு. அதுவும் போராடிப் பெற்றதுதான். 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸாயிற்று!

சிகிச்சையும் நமது உரிமையே. சர்க்கார் வைத்திய நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் எல்லோருக்கும் உரிமையாக்கியது. ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் கடுமையான மனநோயும் உண்டு. உரிய காலம் சந்தா கட்டியவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் உதவித்தொகை கிடைக்கும். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

நம்மிடமும் குறை உண்டு. சோர்ந்தவனைக் கேலி செய்கிறோம். சாராயத்தை ஊற்றிக் கொடுத்து ஆறுதல் என்கிறோம். மூன்று கூட்டத்துக்கு வராதவன்மீது கோபப்படுகிறோம். அவன் வீட்டுக்குப் போய் ஏனென்று கேட்பதில்லை. இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

ஆள் குறைப்பை நிறுத்து! ஷிப்டை இஷ்டம்போல் மாற்றாதே! வசவுக்கு முடிவு கட்டு! சிகிச்சைக்குப் போனவன் வேலையைப் பறிக்காதே! கூலி உயர்வோடு இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து எழுப்புவோம்.

தோழர்களே! பக்கத்து மிஷினில் ஒருவன் மௌனமாகிவிட்டானா? இன்றே அவன் தோளில் கை போட்டுக் கேளுங்கள். சங்கம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.