மரத்தரையாம், மரத்தரை!

தாணேயில் நம்மவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனால், செருப்பைக் கழற்றியதும் முதல் பேச்சு தரையைப் பற்றித்தான். "உட்டன் ஃப்ளோரிங் போட்டிருக்கோம், பாத்தீங்களா?" பார்த்தேன். அது மரம் இல்லை சார், மரத்தை எடுத்த போட்டோ.

கோபப்படாதீங்க. நானும் அந்த போட்டோவுக்குக் காசு கொடுத்தவன்தான்.

லேமினேட் என்பது இவ்வளவுதான். மரநாரைப் பசையோடு அழுத்திய எச்.டி.எஃப் பலகை, அதன் மேல் மரவரி அச்சடித்த காகிதம், அதற்கும் மேல் அலுமினியம் ஆக்ஸைடு கலந்த மெலமைன் படலம். படலத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் இணைப்பு வழியாக உள்ளே இறங்கினால் பலகை குடித்து, டீயில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. நிஜ மரமென்றால் இழைத்து பாலிஷ் போடலாம். இதை இழைத்தால் போட்டோ போய்விடும்.

கடைக்காரர் என்ன சொன்னார்? "வாட்டர் ரெசிஸ்டன்ட் சார்." ரெசிஸ்டன்ட் வேறு, ப்ரூஃப் வேறு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு எங்கே போச்சு புத்தி? நாள் முழுக்க அடுத்தவர் கடன் பத்திரத்தில் பொடி எழுத்தைப் படிக்கிற உத்தியோகம். என் வீட்டு வாரன்டி அட்டையைப் படித்ததோ தரை உப்பின பிறகு. தேங்கிய தண்ணீர், ஈரத்துடைப்பு இரண்டுக்கும் வாரன்டி கிடையாது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடையும் ரெயின்கோட்டும் சொட்டுகிற ஊர் இது. நம் வீடுகளில் தினம் தண்ணீர் விட்டுத் துடைப்போம், சாமி முன்னால் மாக்கோலம் போடுவோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் முதல் வாரம் "தண்ணி கொட்டாதம்மா" என்றேன். இரண்டாம் வாரம் கத்தினேன். மூன்றாம் வாரம் ஒருநாள், கால் கழுவிவிட்டு, ஈரம் காயட்டும் என்று பாத்ரூம் வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். 74 வயசு. அப்போதுதான் உறைத்தது. தரை நமக்கா, நாம் தரைக்கா?

"நல்ல சரக்கா போட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பாதி உண்மை. போட்டே தீருவேன் என்பவர்கள் இதையாவது கேளுங்கள்:

- தேய்மானத் தரம் ஏசி 3 அல்லது ஏசி 4 இருக்கட்டும். கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஃபார்மால்டிஹைடு அளவுக்கு ஈ 1 முத்திரை பாருங்கள்.
- சாம்பிள் துண்டு ஒன்றை வாங்கி ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போடுங்கள். காலையில் ஓரத்தை அளந்தால் கடைக்காரர் சொல்லாததை அது சொல்லும்.
- பெட்டிகளை 48 மணி நேரம் அதே அறையில் வைத்த பிறகே பதிக்க வேண்டும். அடியில் பாலிதீன் ஷீட்டும் ஃபோமும், சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியும் கட்டாயம். இல்லாவிட்டால் பலகை விரியும்போது நடுவில் தூக்கும்.
- சமையலறை, பூஜை இடம், பாத்ரூம் வாசல் கூடவே கூடாது.
- தினமும் உலர்ந்த மாப். தேவைப்பட்டால் நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. வாளி, பினாயில், ஸ்டீம் மாப் எதுவும் வேண்டாம். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

இவ்வளவு சேவகம் செய்ய வேண்டிய தரை எதற்கு? மரவரி வேண்டுமென்றால் அதே டிசைனில் விட்ரிஃபைட் டைல்ஸ் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். நான் பெயர்த்துப் போட்டுவிட்டு அதற்குத்தான் மாறினேன். இரண்டு முறை செலவு, ஒரு முறை புத்தி.

"எங்க வீட்ல பத்து வருஷமா நல்லாத்தானே இருக்கு" என்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். ஒரே நிபந்தனை, உங்கள் வீட்டில்தான் சண்டை. ஜூலையில் வருகிறேன், நனைந்த குடையோடு.